முன்சக்கரத்தின் முழக்கம்

குப்பத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வாசலில் இன்று ஒரு மோட்டார் கார் நிற்கக் காண்கிறோம். அவற்றுட் பல, ஒருவர் ஓட்டி முடித்ததை மற்றொருவர் விலைக்கு வாங்கிய பழைய வண்டிகள். பழையதாயினும் என்ன? பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெற்றோர் இருக்கும் வேலூருக்கோ, திருவண்ணாமலைக்கோ, கிருஷ்ணகிரிக்கோ குடும்பத்தோடு சென்று வர அவை உதவுகின்றன. ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்று மாநில எல்லைகளும் நெருங்கிவரும் மூலையில் வாழும் நமக்கு, ஒரே நாளில் இரண்டு மூன்று மாநிலச் சாலைகளில் ஓடித் திரும்புவது புதிதன்று.

அத்தகைய பயணம் ஒன்றில், வண்டி சற்று வேகம் பிடித்ததும் முன்பக்கத்திலிருந்து ‘ஊம்ம்’ என்றோ ‘கர்ர்ர்’ என்றோ ஓர் இரைச்சல் எழுவதாக வைத்துக் கொள்வோம். வேகம் கூடினால் அதுவும் கூடுகிறது; வேகம் தணிந்தால் அதுவும் தணிகிறது. பாட்டை உரக்க வைத்தால் காதில் விழுவதில்லை. “சாலை மோசம்” என்பார் ஒருவர். “டயர் பழசாகிவிட்டது” என்பார் மற்றொருவர். இப்படிச் சொல்லியே மாதங்கள் கழிந்துவிடும். அந்த ஒலி யாது, எங்கே பிறக்கிறது, அதனை வீட்டில் இருப்போரே எவ்வாறு ஆராய்ந்து அறியலாம், எந்த நிலையில் வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதுபவன் எந்திரக் கல்வி கற்றவன் அல்லன். ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன். ஆனால், ஓடும் சக்கரத்தைக் கண்ணாலும் காதாலும் கவனிப்பதை ஒரு கடமையாகவே விதித்திருக்கும் இலாகா அது. அங்கே கண்டும் கேட்டும் அறிந்த சில செய்திகள் நம் வீட்டுக் காருக்கும் பொருந்தும் என்பதனால் எழுதத் துணிந்தேன்.

அச்சும் மசகும்

மாட்டு வண்டியை நாம் அனைவரும் அறிவோம். அதன் இரும்பு அச்சின் மேல் சக்கரத்தின் குடம் சுற்றுகிறது. அச்சும் குடமும் ஒன்றோடொன்று உராய்வதால் தேய்வும் சூடும் உண்டாகும். அதனைத் தடுக்க நம் முன்னோர், வைக்கோலைச் சுட்டு எடுத்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து ‘வண்டி மை’ ஆக்கி அச்சில் இட்டார்கள். மை வற்றிய வண்டி தெருமுனையில் வரும்போதே அதன் அழுகை வீட்டுக்குள் கேட்கும். வண்டிக்காரர் அன்றிரவே கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை நகர்த்தி, மை போட்டுவிடுவார். ஒலியைக் கேட்டவுடன் செய்ய வேண்டியதைச் செய்யும் அந்தப் பழக்கத்தை நாம் மறந்துவிடலாகாது.

உராய்வதற்குப் பதிலாக உருளச் செய்தால் தேய்வு மிகவும் குறையும் என்பது மனிதன் நெடுங்காலத்துக்கு முன்பே கண்ட உண்மை. வேல்ஸ் நாட்டுக் கார்மார்தன் ஊரினரான பிலிப் வாகன், வண்டி அச்சுக்குக் குண்டுகளை இட்டுச் சுற்றவைக்கும் அமைப்புக்கு 1794-ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். அமெரிக்காவில் வண்டி கட்டும் தொழில் செய்த ஹென்றி டிம்கன், ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்த உருளைகளைக் கொண்ட அமைப்புக்கு 1898-இல் உரிமை பெற்றார். சுவீடனில் ஒரு நெசவாலையில் பொறியாளராக இருந்தவர் ஸ்வென் விங்குவிஸ்ட். ஆலை நின்ற களிமண் நிலம் தாழ்ந்து தாழ்ந்து, சுழல்தண்டுகள் நேர்தவறி, பேரிங்குகள் அடிக்கடி கெடுவதைக் கண்டு, தண்டின் சாய்வுக்கேற்பத் தானே இசைந்து கொடுக்கும் குண்டுப் பேரிங் ஒன்றை 1907-இல் அமைத்தார்.

‘பேரிங்’ என்று பட்டறைகளில் வழங்கும் இதனைத் தாங்கி என்று தமிழில் கூறலாம். இதன் அமைப்பு எளிது. உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம். இரண்டுக்கும் இடையே கடினமான எஃகுக் குண்டுகள் அல்லது உருளைகள். அவை ஒன்றோடொன்று மோதாமல் பிரித்து வைக்க ஒரு கூடு. உராய்வைத் தணிக்கக் கிரீஸ். கிரீஸ் வெளியேறாமலும் தண்ணீரும் மண்ணும் உட்புகாமலும் காக்க இருபுறமும் மூடி. இவ்வளவே. பழைய கார்கள் பலவற்றில் முன்சக்கரத்துக்கு இரண்டு பேரிங்குகள் தனித்தனியே இருந்தன. அவற்றைக் கழற்றிக் கழுவி, கிரீஸ் அடைத்து, நட்டை முறுக்கி இறுக்கம் சரிசெய்வார்கள். இந்நாளில் நம்மிடையே பெரும்பாலும் ஓடுகிற, முன்சக்கரங்களே இழுத்துச் செல்லும் கார்களில், இரண்டு வரிசைக் குண்டுகள் கொண்ட மூடிய பேரிங் ஒன்றே முன்சக்கரத்துக்கு அமைகிறது. இதற்குக் கிரீஸ் போடவும் இயலாது. இறுக்கம் திருத்தவும் இயலாது. கெட்டால் மாற்றுவது ஒன்றே வழி.

இரைச்சல் பிறக்கும் விதம்

குண்டு ஓடும் பாதை கண்ணாடி போல் வழவழப்பாக இருக்கும் வரையில் ஒலி இல்லை. நாளடைவில் பாரத்தின் அழுத்தம் திரும்பத் திரும்ப ஓரிடத்தில் விழ, எஃகின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நுண்ணிய வெடிப்புத் தோன்றி, மெல்ல மேலேறி, செதிள் செதிளாகப் பெயர்ந்து விழுகிறது. பெயர்ந்த இடம் ஒரு குழி. அக்குழியைக் கடக்கும் ஒவ்வொரு குண்டும் ஓர் அடி அடிக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சக்கரத்தின் சுற்றளவு 1.8 மீட்டர் என்றும், வண்டியின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் என்றும் கொள்வோம். அப்போது சக்கரம் நொடிக்கு 9 தடவைக்கு மேல் சுற்றுகிறது. பேரிங்கின் ஒரு வரிசையில் 12 குண்டுகள் இருந்து, அசையாத வெளி வளையத்தில் ஒரு குழி விழுந்திருந்தால், அக்குழியின் மேல் நொடிக்கு 40-க்கும் மேற்பட்ட அடிகள் விழும். தனித்தனி அடியாக அவற்றைக் காது பிரித்தறியாது; எல்லாம் கலந்து ஒரே முழக்கமாகக் கேட்கும். வேகம் கூடினால் அடிகள் கூடும், முழக்கமும் ஏறும். எஞ்சினின் சுழற்சி எப்படியிருந்தாலும், சக்கரத்தின் வேகத்தையே இவ்வொலி பின்பற்றுவதன் காரணம் இதுதான்.

ரயில்வே கற்பிக்கும் பாடம்

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கன்டோன்மென்ட்டுக்குச் செல்லும் இருப்புப் பாதை 1864-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நம் குப்பம் அப்பாதையில் உள்ள நிலையம். நிற்காமல் செல்லும் வண்டி ஒன்று நிலையத்தைக் கடக்கையில், பணியிலிருக்கும் ஊழியர் கையில் கொடியோடு பிளாட்பாரத்தில் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அது வெறும் மரியாதை அன்று. வண்டி கடந்து முடியும் வரையில் ஒவ்வொரு பெட்டியின் சக்கரத்தையும் அவர் நோக்கவேண்டும். தொங்கும் பொருள், புகை, தீப்பொறி, கருகிய நாற்றம், மாறான ஒலி ஏதேனும் உண்டா என்று கவனிக்கவேண்டும். இருந்தால் உடனே சிவப்பு அடையாளம் காட்டி வண்டியை நிறுத்தச் செய்யவேண்டும். அச்சின் முனையில் உள்ள பேரிங் அளவுக்கு மீறிச் சூடேறுவதை ‘ஹாட் ஆக்ஸில்’ என்பார்கள். பெரிய நிலையங்களில் வண்டி உள்ளே வரும்போதே பக்கத்தில் நின்று சக்கரங்களைப் பார்த்தும் கேட்டும் ஆராயும் ஊழியரும் உண்டு. இந்நாளில் தொடாமலே சூட்டை அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. ஆயினும் கண்ணும் காதும் மூக்கும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

இவ்வளவு காவல் எதற்கு என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவேன். 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்தீன் என்னும் சிற்றூரில் ஒரு நீண்ட சரக்கு வண்டி தடம் புரண்டது. 38 பெட்டிகள் சாய்ந்தன. அவற்றுட் சிலவற்றில் நச்சுத் தன்மையுள்ள வினைல் குளோரைடு இருந்தது. ஊர் மக்கள் வீட்டைத் துறந்து வெளியேற நேர்ந்தது. காரணம், ஒரு பெட்டியின் சக்கரப் பேரிங் சூடேறிச் சிதைந்ததே.

அப்பாதையோரத்தில் சூட்டை அளக்கும் கருவிகள் இருந்தன என்பதே இதில் கருதத்தக்கது. முதற் கருவி, அந்தப் பேரிங் சுற்றுப்புறத்தைவிட 38 பாரன்ஹீட் பாகை கூடுதலாக இருப்பதாகக் காட்டிற்று. அடுத்தது 103 பாகை என்றது. அதுவும் வண்டியை நிறுத்த வேண்டிய வரம்பை எட்டவில்லை. ஆதலின் வண்டி தொடர்ந்து ஓடிற்று. மூன்றாவது கருவி 253 பாகை என்று அலறியபோது காலம் கடந்துவிட்டது. ஒவ்வோர் அளவையும் தனியே வைத்துப் பார்த்தால் முதல் இரண்டும் பெரிதல்ல. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால், கேடு விரைந்து ஏறிவருவது வெளிப்படை. பேரிங்கின் கேட்டைப் பொறுத்தவரையில், ‘இன்று எவ்வளவு’ என்பதைவிட, ‘நேற்றைக்கு இன்று எவ்வளவு கூடிற்று’ என்பதே முக்கியமான கேள்வி.

நம் காருக்கு இப்பாடத்தைப் பொருத்துவது எளிது. வண்டியில் ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். இரைச்சல் முதன்முதலில் கேட்ட நாள், அன்று வண்டி ஓடியிருந்த கிலோமீட்டர், எந்த வேகத்தில் ஒலி தொடங்கியது, எந்தப் பக்கம் திரும்பும்போது மிகுந்தது என்று நான்கே செய்திகளை எழுதி வையுங்கள். அடுத்த வாரம் மீண்டும் எழுதுங்கள். முதலில் 60-இல் தொடங்கிய ஒலி பிறகு 40-இலேயே தொடங்குமானால், இனித் தாமதிக்கலாகாது என்று அக்குறிப்பேடே சொல்லிவிடும். மெக்கானிக்கிடம் “ஏதோ சத்தம் வருகிறது” என்று சொல்வதற்கும், இந்தக் குறிப்பைக் காட்டுவதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு.

பேரிங்தானா, வேறொன்றா?

முன்பக்கத்தில் எழும் ஒலி அனைத்தும் பேரிங்கின் ஒலி அன்று. பணம் செலவழிக்கும் முன் மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வரவேண்டும்.

முதலில் எஞ்சின். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஆக்சிலேட்டரை மிதித்து எஞ்சினை விரைவாகச் சுழலச் செய்யுங்கள். நிற்கும் வண்டியில் அதே இரைச்சல் வந்தால் அது சக்கரத்தைச் சேர்ந்ததன்று. ஓடும்போது மட்டும் வந்து, கியர் மாற்றினாலும் கிளட்ச்சை அழுத்தினாலும் மாறாமல் வண்டியின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால், சக்கரத்தையோ டயரையோ ஐயுறலாம்.

அடுத்தது டயர். பலரும் ஏமாறும் இடம் இதுவே. ஏனெனில் டயரின் இரைச்சலும் பேரிங்கின் இரைச்சலும் இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. வேறுபாடு காணும் வழி, சாலையைக் கவனிப்பதாகும். புதிதாகத் தார் போட்ட சாலையில் டயரின் ஒலி தணியும். சிமெண்டுச் சாலையிலும் சொரசொரப்பான சாலையிலும் மிகும். பேரிங் அவ்வாறு சாலைக்குச் சாலை குரலை மாற்றுவதில்லை. பிறகு, வண்டியை நிறுத்தி டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் உறுத்தினால், சக்கர நேரமைப்புத் தவறி டயர் தேய்ந்திருக்கிறது. ஐயம் தீராவிட்டால் முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஒலி பின்னே போய்விட்டால் குற்றம் டயருடையது. முன்னேயே இருந்தால் டயர் நிரபராதி.

இன்னும் சில ஒலிகள் தம் பெயரைத் தாமே சொல்லும். ஸ்டீரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்பும்போது ‘டக், டக்’ என்று வருவது, சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டிலிருந்து வருவது. பிரேக்கை மிதித்தால் மாறும் ‘கிறீச்’ ஒலி பிரேக்கைச் சேர்ந்தது. திடீரெனத் தோன்றும் தகர உராய்வு, பிரேக் தட்டுக்கும் அதன் பின்னுள்ள தகட்டுக்கும் இடையே சிக்கிய சிறு கல்லாக இருக்கலாம்; கருங்கல் ஜல்லி சிதறிக் கிடக்கும் நம் பக்கத்துச் சாலைகளில் இது அரிதன்று. ‘லொட லொட’ என்ற ஒலியோடு வண்டி ஆடினால் சக்கர நட்டுகள் தளர்ந்திருக்கக் கூடும். அந்த இடத்திலேயே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் நண்பர் ஒருவர் பழைய கார் வாங்கினார். சில மாதங்களில் முன்பக்கம் முழங்கத் தொடங்கிற்று. ஒரு கடையில் காட்டினார். வண்டியை ஓட்டியும் பார்க்காமல், டயரைத் தடவியும் பார்க்காமல், டயரே காரணம் என்று சொல்லி இரண்டு புதிய டயர்கள் போட்டுவிட்டார்கள். பொங்கலுக்கென்று சேர்த்து வைத்த பணம் அதில் போயிற்று. முழக்கம் போகவில்லை. பிறகு வலப்புறம் வளையும்போது ஒலி மிகுவதைக் கவனித்து, சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்த்தபோதுதான், இடது முன்சக்கரத்தின் பேரிங் சொரசொரவென்று அரைப்பது தெரிந்தது. அதனை மாற்றிய பின் வண்டி அமைதியுற்றது. முதலிலேயே கால் மணி நேரம் சோதித்திருந்தால் அக்குடும்பத்தின் பொங்கற் பணம் மிஞ்சியிருக்கும்.

வளைவு சொல்லும் செய்தி

இடமா வலமா என்று அறிய வளைவுகள் துணை செய்கின்றன. வண்டி இடப்புறம் திரும்பும்போது அதன் பாரம் வலப்புறச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. வலப்புறம் திரும்பும்போது இடப்புறச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. பாரம் ஏறிய பேரிங் கெட்டிருந்தால் அதன் முழக்கம் மிகும். எனவே, இடப்புறம் வளையும்போது ஒலி மிகுந்தால் வலது சக்கரத்தையும், வலப்புறம் வளையும்போது மிகுந்தால் இடது சக்கரத்தையும் முதலில் ஐயுற வேண்டும்.

ஆனால் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. இரண்டு வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங்கில் எந்த வரிசை கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, இக்குறி சில வேளைகளில் மாறியும் காட்டும். ஒலியோ, இரும்பு உடல் வழியே பரவி, இடது சக்கரத்தில் பிறந்து வலது காலடியில் கேட்கும். ஆதலின் வளைவு தருவது ஐயமே. தெளிவு தருவது கைச் சோதனையே.

திருமலைக்குச் செல்வோர்க்கு ஒரு சொல். 1944-இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதையும் 1974-இல் திறக்கப்பட்ட இரண்டாம் மலைப்பாதையும் வளைவுக்குப் பேர்போனவை. சமவெளியில் கேளாத ஒலி அங்கே வளைவுக்கு வளைவு எழுவது உண்டு. எழுந்தால் செவியில் வாங்கிக் கொள்ளுங்கள். ஆனால் சோதனை செய்யும் இடம் அது அன்று. பலமநேரிலிருந்து சித்தூர் செல்லும் வழியிலுள்ள மொகிலிக் கணவாய்க்கும் இதுவே விதி. வேண்டுமென்று ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்ப்பது ஆபத்து. இயல்பான வளைவில் இயல்பான வேகத்தில் கேட்டது போதும்.

கையால் செய்யும் சோதனை

சமமான, உறுதியான தரையில் வண்டியை நிறுத்துங்கள். கைப்பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஜாக்கியால் முன்சக்கரம் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கி, உடலின் கீழ் உறுதியான முட்டு ஒன்றும் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையையோ கையையோ நீட்டுவது தற்கொலைக்கு ஒப்பாகும். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில் ஒரு கையும், 6 இருக்கும் இடத்தில் ஒரு கையுமாக டயரைப் பற்றி உள்ளும் வெளியும் அசையுங்கள். அசைவு தெரிந்தால், வீட்டிலுள்ள ஒருவரைப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லி மீண்டும் அசையுங்கள். அசைவு நின்றுவிட்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது. நிற்காவிட்டால், கீழே உள்ள பந்து மூட்டு முதலிய பாகங்களைப் பார்க்கவேண்டும். 3-க்கும் 9-க்கும் நேரே பற்றி அசைக்கும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் ஸ்டீரிங் தண்டுகளின் மூட்டுகளை ஆராய வேண்டும். அசைவே இல்லை என்பதனால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். மூடிய பேரிங்குகள் ஆடாமலே முழங்குவது உண்டு.

இனி, மிகச் சிறந்த சோதனை. சக்கரத்துக்கு மேலே உள்ள சுருள் ஸ்பிரிங்கின் மேல் ஒரு கையை மெல்ல வைத்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். விரல்கள் சுழலும் பாகங்களுக்கிடையே போகாமல் பார்த்துக் கொள்ளுங்கள். நல்ல பேரிங் சுற்றும்போது ஸ்பிரிங்கில் ஒன்றும் தோன்றாது. கெட்ட பேரிங், மாவரைக்கும் கல்லுக்குள் மணல் விழுந்தாற்போன்ற அதிர்வைக் கைக்கு உணர்த்தும். பிரேக் இலேசாக உராய்வதால் வரும் ‘சர், சர்’ ஒலியை இதனோடு குழப்பிக் கொள்ளாதீர்கள். அதே சோதனையை மறுபக்கச் சக்கரத்துக்கும் செய்யுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் ஒன்றின் குறை விளங்கும்.

சூட்டைக் கொண்டும் ஓரளவு அறியலாம். அடிக்கடி பிரேக் போடாமல் 15 அல்லது 20 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரு முன்சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடவேண்டாம். ஒரு பக்கம் மட்டும் மிகுந்த சூடாக இருந்தால் பேரிங்கோ, விடுபடாமல் பிடித்துக்கொண்ட பிரேக்கோ காரணம். இச்சோதனை துணைச் சான்றேயன்றித் தனிச் சான்றன்று.

கேடு வரும் வழிகள்

பேரிங் கெடுவதற்கு முதற்காரணம் மிகை பாரம். சுவீடன் அறிஞர்களான லுண்ட்பெர்க், பாம்கிரென் இருவரும் 1947-இல் வெளியிட்ட கணக்கின்படி, குண்டுப் பேரிங்கின் மேல் பாரம் இருமடங்கானால் அதன் ஆயுள் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. பேரிங்கின் மேல் கால் பங்கு பாரம் கூடினாலே ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது. ஐவர் அமரும் காரில் எண்மரை ஏற்றி, கூரையின் மேல் அரிசி மூட்டையையும் கட்டிச் செல்லும் அன்பர்கள் இக்கணக்கைச் சிந்திப்பார்களாக.

இரண்டாவது, பள்ளம். கல் லாரிகள் ஓடிக் குழிவிழுந்த சாலையில் வேகமாக ஒரு குழியில் இறங்கி ஏறினால், குண்டுகள் பாதையில் அழுந்திச் சிறு பள்ளங்களைப் பதிக்கும். முழக்கம் அன்றே தொடங்காமல் பின்னர்த் தொடங்கலாம்.

மூன்றாவது, தண்ணீர். வடகிழக்குப் பருவமழையில் ரயில் பாதைக்குக் கீழுள்ள சுரங்கவழிகளில் தண்ணீர் நிற்பதைக் காண்கிறோம். 2021 நவம்பரில் திருப்பதியும் சித்தூர்ப் பகுதியும் பட்ட வெள்ளத் துன்பத்தை மறக்க இயலாது. ஓடிச் சூடான சக்கரம் குளிர்ந்த நீரில் மூழ்கும்போது, மூடி சற்றுப் பழுதுபட்டிருந்தாலும் நீரும் சேறும் உட்செல்லும். கிரீஸ் கெட்டு, எஃகு துருவேறும். சக்கரத்தின் நடுப்பகுதி மூழ்கும் நீரில் வண்டியை இறக்காதிருப்பதே நன்று.

நான்காவது காரணம் வியப்பானது, ரயிலோடு தொடர்புடையது. அமெரிக்காவில் புத்தம் புதிய கார்களை ரயிலில் ஏற்றி அனுப்பியபோது, ஓடவே ஓடாத அவற்றின் சக்கரப் பேரிங்குகள் போய்ச் சேரும்போதே பழுதுபட்டிருந்தன. ஆல்மென் என்னும் பொறியாளர் 1937-இல் இதனை ஆராய்ந்து எழுதினார். சுழலாத பேரிங்கில் குண்டு ஒரே இடத்தில் நின்று இடைவிடாமல் அதிர்வதால், அங்கே கிரீஸ் விலகி, எஃகோடு எஃகு தேய்ந்து தழும்பு விழுகிறது என்பது தெரியவந்தது. ஓடித் தேய்வதும் உண்டு. நின்று தேய்வதும் உண்டு என்பதற்கு இது சான்று.

பட்டறையில் கேட்க வேண்டியவை

பேரிங்தான் என்று துணிந்தபின் நல்ல பட்டறையை நாடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் இது வீட்டில் செய்யும் வேலையன்று. பழைய பேரிங்கை வெளியேற்றவும் புதியதை உட்செலுத்தவும் அழுத்தும் எந்திரம் வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது. வெளி வளையத்தை அதன் இருக்கையில் செலுத்தும்போது வெளி வளையத்தின் மேலேயே அழுத்தம் கொடுக்கவேண்டும். உள் வளையத்தை அழுத்தினால் அவ்வழுத்தம் குண்டுகளின் வழியே சென்று புதிய பேரிங்கையே காயப்படுத்திவிடும். நடு நட்டை உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு, அளவுகாட்டும் ஸ்பானர் கொண்டு முறுக்கவேண்டும். சக்கரத்தின் வேகத்தை அறியும் காந்தப் பட்டை பேரிங்கிலேயே அமைந்திருந்தால், அப்பக்கம் உணர்கருவியை நோக்கி இருக்குமாறு பொருத்தவேண்டும். மாறினால் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரியும். இவற்றைப் பணிவோடு கேளுங்கள். கழற்றிய பழைய பேரிங்கைக் காட்டச் சொல்லிக் கையில் வாங்கிச் சுற்றிப் பாருங்கள். அதன் சொரசொரப்பு உங்கள் விரலுக்குத் தெரிந்தால், கொடுத்த பணம் வீண் போகவில்லை.

எப்போது நிறுத்த வேண்டும்?

இலேசான முழக்கம் மட்டும் இருக்குமானால், நெடும்பயணத்தை ஒத்திவைத்து, பாரம் ஏற்றாமல் மெதுவாகப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லலாம். முழக்கம் உறுமலாக மாறி, சக்கரத்தில் ஆட்டம் தெரிந்தாலும், ஸ்டீரிங் நடுங்கினாலும், பிரேக்கின் மிதி வழக்கத்தைவிட ஆழ இறங்கினாலும், கருகிய நாற்றமோ புகையோ வந்தாலும் ஓர் அடியும் ஓட்டக் கூடாது. ஓரமாக நிறுத்தி, அனைவரையும் இறக்கி, வண்டியை வேறு ஊர்தியில் ஏற்றி அனுப்புங்கள். பேரிங் முற்றும் சிதைந்தால் சக்கரம் இறுகிப் போகலாம். அல்லது நிலைகுலைந்து சாயலாம். அப்போது ஓட்டுபவரின் திறமை உதவாது.

அன்பர்களே! ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு, ஊர் சென்று திரும்பும் பயணம் வெறும் பயணம் அன்று. அங்கே வாசலில் வழிபார்த்து நிற்கும் பெற்றோரும், வண்டிக்குள் கண்ணயர்ந்து கிடக்கும் குழந்தைகளும் அந்த நான்கு சக்கரங்களை நம்பியிருக்கிறார்கள். ஆதலின் அடுத்த பயணத்துக்குப் பெட்டி கட்டுவதற்கு முந்திய வாரத்தில் ஒருநாள், பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஆளில்லாத நேரான சாலையில் 5 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். சக்கரம் மௌனமாக இருந்தால் மகிழ்ச்சி. முழங்கினால், புறப்படும் நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, ஆவன செய்யுங்கள்.